லீக்கில் முதலிடம் பிடித்த அணி காணாமல் போனது, கடைசி இடம் பிடித்த அணி நீடித்தது: தமிழ்நாட்டு கால்பந்தின் 2018-19 சீசன் - முழு விளக்கம்

ஒரே சீசன். தமிழ்நாட்டில் இருந்து 2 அணிகள். ஒன்று தன் லீக்கில் முதலிடம், இன்னொன்று தன் லீக்கில் கடைசி இடம். ஆனால் அடுத்த 3 வருஷத்துக்குள் தேசிய லீக்கில் இருந்தே காணாமல் போனது எந்த அணி தெரியுமா? முதலிடம் பிடித்த அணி!

கேட்கவே குழப்பமா இருக்கா? இந்திய கால்பந்தில் 2018-19 சீசன் நடந்த விதமே அப்படித்தான். லீக், கோப்பை, ஆசியப் போட்டி என மூன்று மட்டத்திலும் தமிழ்நாட்டு அணிகள் ஆடிய சீசன் அது. அதில் என்ன நடந்தது, ஏன் அப்படி முடிந்தது, ஆழ்வார்திருநகரி பக்கம் ஆற்றங்கரை மைதானத்தில் பந்து உதைக்கும் ஒரு பையனுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை: லீக், கோப்பை, ஆசியப் போட்டி - என்ன வித்தியாசம்?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதுசு. ஒரு கால்பந்து கிளப் ஒரே சீசனில் மூன்று விதமான போட்டிகளில் ஆடலாம்.

- லீக்: எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. கடைசியில் அதிக புள்ளி எடுத்த அணி முதலிடம். பல மாதம் நடக்கும். ஒரு நாள் அதிர்ஷ்டம் இங்கே செல்லாது.
- கோப்பை: நாக்-அவுட். தோற்றால் வெளியே. சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்க வாய்ப்பு அதிகம்.
- கண்டப் போட்டி: உள்ளூரில் ஜெயித்த அணிகள் மற்ற நாட்டு அணிகளோடு மோதுவது. ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் மாதிரி, ஆசியாவில் ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக். அதற்கு அடுத்த நிலையில் அப்போது ஏ.எஃப்.சி. கோப்பை இருந்தது.

இந்த மூன்றையும் ஒரே சீசனில் அள்ளிய அணிக்கு உதாரணம் சொன்னால் ஸ்காட்லாந்துக்குத்தான் போகணும். கிளாஸ்கோ நகரின் செல்டிக் அணி 1966-67 சீசனில் ஸ்காட்லாந்து லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் வென்றது. அதோடு நிற்காமல் 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வீழ்த்தி ஐரோப்பிய கோப்பையையும் தூக்கியது. பயிற்சியாளர் ஜாக் ஸ்டெயின்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அன்று ஆடிய செல்டிக் வீரர்கள் எல்லாருமே அவர்களுடைய மைதானத்தில் இருந்து சுமார் 48 கி.மீ. தூரத்துக்குள் பிறந்தவர்கள். நம்ம கணக்கில் சொன்னால், ஆழ்வார்திருநகரியை நடுவில் வைத்து 48 கி.மீ. வட்டம் போடுங்கள். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், நாசரேத், தூத்துக்குடி, திருச்செந்தூர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அவ்வளவு சின்ன வட்டத்தில் இருந்து வந்த பையன்கள் ஐரோப்பாவையே ஜெயித்தார்கள்.

2018-19ல் தமிழ்நாட்டின் 2 அணிகள் எவை?

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலருக்கும் குழப்பம் வரும்.

- சென்னையின் எஃப்.சி.: ஐ.எஸ்.எல். அணி. 2015, 2018 என இரண்டு முறை சாம்பியன். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூரு அணியையே 3-2 என வென்றது. ஆக, 2018-19 சீசனுக்குள் நடப்பு சாம்பியனாக நுழைந்தது.
- சென்னை சிட்டி எஃப்.சி.: ஐ-லீக் அணி. பெயர்தான் சென்னை. அந்த சீசனில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2016-17 சீசனில்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாத அணி.

இந்தியாவில் அப்போது ஒரே நேரத்தில் 2 தேசிய லீக்குகள் நடந்தன. பழைய லீக் ஐ-லீக். பணமும் டிவி வெளிச்சமும் உள்ள லீக் ஐ.எஸ்.எல். ஆசிய கால்பந்து கூட்டமைப்பு இரண்டையும் ஏற்றுக்கொண்டிருந்தது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு ஏ.எஃப்.சி. கோப்பை. இதுதான் அன்றைய ஏற்பாடு.

லீக்கில் என்ன நடந்தது?

2018 அக்டோபர் 26. கோவையில் ஐ-லீக்கின் முதல் போட்டி. சென்னை சிட்டி அணி இந்தியன் ஏரோஸை 4-1 என வென்றது. ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி ஹாட்ரிக் அடித்தார். "முதல் மேட்ச்தானே, பார்க்கலாம்" என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அணி நிற்கவே இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைக் காலடியிலேயே வைத்து, சின்னச் சின்ன பாஸ்களாக முன்னேறும் ஆட்டத்தைப் பழக்கியிருந்தார். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ரொபெர்டோ எஸ்லாவா என ஸ்பெயின் வீரர்கள் ஒரு பக்கம். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் என நம்ம ஊர் வீரர்கள் இன்னொரு பக்கம். பெரிய சம்பள வீரர்களை வாங்க முடியாத கிளப், உள்ளூர் பையன்களை நம்பி ஆடியது.

போட்டியாக வந்தது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 2003-04க்குப் பிறகு தேசிய லீக்கை வெல்லாத, லட்சக்கணக்கான ரசிகர்கள் காத்திருந்த அணி. அந்த அணியை சென்னை சிட்டி அந்த சீசனில் இரண்டு முறையும் வீழ்த்தியது. கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்த 6 புள்ளிகள்தான் கோப்பையைத் தீர்மானித்தன.

2019 மார்ச் 9: அந்தக் கடைசி 90 நிமிடம்

கடைசி நாளில் நிலவரம் இதுதான். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளி. இரண்டு அணிக்கும் தலா ஒரு மேட்ச் பாக்கி. கோவையில் சென்னை சிட்டி - மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் - கோகுலம் கேரளா. இரண்டும் ஒரே நேரத்தில்.

சென்னை சிட்டி ஜெயித்தால் நேராக கோப்பை. டிரா ஆகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் எல்லாம் போச்சு.

ஆட்டம் தொடங்கிய 3-வது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது! கோவை ஸ்டேடியம் அப்படியே அமைதி. முதல் பாதி முழுக்க 0-1. இரண்டாம் பாதியில் 56-வது நிமிடம் பெனால்டி. மான்சி அடித்தார், 1-1. ஆனால் டிரா போதாது. 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா கோல், 2-1. கூடுதல் நேரத்தில் மறுபடியும் போரா, 3-1.

அங்கே கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்காலும் விடவில்லை, 2-1 என ஜெயித்தது. அதாவது, கோவையில் அந்த இரண்டாவது கோல் விழாமல் இருந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

இறுதிக் கணக்கு:

- சென்னை சிட்டி: 20 போட்டி, 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி - 43 புள்ளி
- ஈஸ்ட் பெங்கால்: 20 போட்டி - 42 புள்ளி
- பெட்ரோ மான்சி: 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. இருவருக்கும் கூட்டாக முதலிடம்.

ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் என்ற பெயரும் சென்னை சிட்டிக்கே. சுவிட்சர்லாந்தின் பிரபல எஃப்.சி. பாசெல் கிளப், அந்த பிப்ரவரியிலேயே இந்த அணியில் 26% பங்கு வாங்கியிருந்தது. எல்லாமே மேல் நோக்கிப் போவது போலத்தான் இருந்தது.

அப்போ சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது?

நடப்பு சாம்பியனுக்கு அந்த சீசன் ஒரு கெட்ட கனவு. ஐ.எஸ்.எல்.லில் 18 போட்டி, 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம்.

வேறு நாட்டில் இது நடந்திருந்தால்? ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 42 கிளப்புகள், 4 அடுக்குகள். மேல் அடுக்கில் 12 அணிகள். 33 போட்டி முடிந்ததும் பட்டியலை மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரித்து இன்னும் 5 போட்டி நடத்துவார்கள். ஆக 38. அதில் கடைசி இடம் என்றால் நேராக கீழ் அடுக்குக்கு இறக்கம். கீழ் அடுக்கில் முதலிடம் பிடித்த அணி மேலே வரும். ஏணி மாதிரி.

ஐ.எஸ்.எல்.லில் அப்போது அந்த ஏணி இல்லை. கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்தில் ஆட முடிந்தது. அதனால் சென்னையின் அப்படியே தொடர்ந்தது. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்த சென்னை சிட்டிக்கு மேலே ஏற வழி இல்லை. இந்தச் செய்தியின் மையமே இதுதான்.

கோப்பையில் நடந்த திருப்பம்

லீக் முடிந்ததும் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. ஐ-லீக், ஐ.எஸ்.எல். இரண்டு லீக் அணிகளும் நேருக்கு நேர் மோதும் ஒரே இடம். ஐ-லீக்கின் எதிர்காலம் பற்றிய சண்டையில் பல ஐ-லீக் அணிகள் போட்டியைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி போய் ஆடியது.

முதலில் எஃப்.சி. புனே சிட்டியை 4-2 என வென்றது. காலிறுதியில் எதிரே நின்றது பெங்களூரு எஃப்.சி. அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன், முந்தைய சூப்பர் கோப்பை சாம்பியனும் கூட. ரிசல்ட்? சென்னை சிட்டி 2-1!

"ஐ-லீக் அணிகள் தரம் குறைவு" என்று பேசியவர்களுக்கு மைதானத்திலேயே கிடைத்த பதில் அது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என தோற்றது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம், லீக்கில் கடைசி இடம் பிடித்த சென்னையின் எஃப்.சி. இதே கோப்பையில் இறுதிப் போட்டி வரை போனது! 2019 ஏப்ரல் 13 அன்று அதே கோவாவிடம் 1-2 என தோற்றது. கோப்பைப் போட்டிகளின் சுவாரசியமே இதுதான். லீக் பட்டியலில் எங்கே இருந்தாலும், அன்றைய 90 நிமிடம் புதுசு.

ஆசியாவில் எப்படிப் போனது?

சென்னையின் முதலில் போனது. முந்தைய வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் என்ற முறையில் 2019 ஏ.எஃப்.சி. கோப்பை. ப்ளே-ஆஃபில் இலங்கையின் கொழும்பு எஃப்.சி.யைத் தாண்டி குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே வங்கதேசத்தின் அபாஹானி டாக்கா, நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்டி, இந்தியாவின் மினர்வா பஞ்சாப். முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் அடுத்த சுற்று. சென்னையின் இரண்டாவது இடம். அபாஹானி மேலே போனது.

சென்னை சிட்டியின் முறை 2020 ஜனவரி 14 அன்று வந்தது. ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. எதிரணி பஹ்ரைனின் அல் ரிஃபா. ஒரே மேட்ச், தோற்றால் வெளியே. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அந்தப் போட்டி நடந்தது கோவையில் அல்ல, சென்னையிலும் அல்ல. அகமதாபாத்தில்! கோப்பையை ஜெயித்த நாளில் கூட நின்ற கோவை ரசிகர்கள் அன்று டிவியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரிசல்ட் 0-1.

அதன் பிறகு 2020 ஏ.எஃப்.சி. கோப்பை குழுச் சுற்று. மார்ச் மாதம் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2 டிரா. உடனே கொரோனா. போட்டித் தொடர் நின்றது, செப்டம்பரில் ரத்தே ஆனது. கோவையில் தொடங்கிய ஆசியப் பயணம் 2 மேட்ச்சோடு முடிந்தது.

சாம்பியன் அணி ஏன் காணாமல் போனது?

காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன.

1. வீரர்கள் கிளம்பினார்கள். சின்ன கிளப் ஜெயித்தால், பெரிய கிளப்புகளின் பார்வை அதன் வீரர்கள் மேல் விழும். எட்வின் சிட்னி சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் பறந்தார். பிறகு ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. வீரர்களுக்கு இது நல்ல செய்தி. கிளப்புக்கு?

2. லீக்கின் மதிப்பே இறங்கியது. 2019 அக்டோபரில் வந்த புதிய திட்டப்படி ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் லீக் ஆனது. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் அந்தப் பக்கம் போனது. 2021ல் எஃப்.சி. கோவா நேரடியாக குழுச் சுற்றில் ஆடியது. ஐ-லீக் சாம்பியனாக சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆடிய கடைசி அணி சென்னை சிட்டிதான்.

3. மேலே ஏற வழி இல்லை. ஜெயித்தால் பெரிய லீக், பெரிய லீக்கில் டிவி, டிவி வந்தால் ஸ்பான்சர். ஏணி இருக்கும் நாடுகளில் சின்ன கிளப்புகள் பிழைப்பது இந்தக் கணக்கில்தான். முதல் படியே இல்லாதபோது மீதி எப்படி வரும்?

4. கொரோனா. டிக்கெட் இல்லை, ரசிகர் இல்லை. 2020-21 சீசனில் ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. கோவையில் ஒரு மேட்ச் கூட இல்லை.

2021-22 ஐ-லீக் அணிகள் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி பெயர் இல்லை. அவ்வளவுதான்.

ஏணி இருந்தால் மட்டும் போதுமா? ஸ்காட்லாந்து சொல்லும் இன்னொரு பாடம்

இல்லை. கிரெட்னா என்ற குட்டி ஊர். மக்கள்தொகை சில ஆயிரம்தான். நம்ம ஆழ்வார்திருநகரி மாதிரி ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் கிளப்புக்கு ஒரு பணக்காரர் கை கொடுத்தார். 2005, 2006, 2007 என தொடர்ந்து 3 வருஷம் 3 அடுக்கு ஏறி மேல் லீக்குக்கே வந்துவிட்டார்கள். நடுவில் 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி. ஹார்ட்ஸ் அணியோடு 1-1, பெனால்டி ஷூட்-அவுட்டில்தான் தோல்வி. அதன் மூலம் ஐரோப்பாவின் யூஃபா கோப்பையிலும் ஆடினார்கள்.

ஆனால் மேல் லீக் விதிக்கு ஏற்ற மைதானம் ஊரில் இல்லை. சொந்த மேட்ச்சுகளை வெகு தூரத்தில் உள்ள மதர்வெல் மைதானத்தில் ஆடினார்கள். உரிமையாளர் உடல்நலம் குன்றி, பணம் நின்றது. 2008ல் கிளப்பே மூடப்பட்டது.

லீக், கோப்பை, கண்டப் போட்டி எல்லாம் ஆடிய சின்ன கிளப். முக்கியமான மேட்ச் வேறு ஊரில். சில வருஷத்தில் மறைவு. சென்னை சிட்டி கதையோடு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கிரெட்னா ரசிகர்கள் அதே 2008ல் புது கிளப் தொடங்கி, கீழ் மட்டத்தில் இருந்து மறுபடி ஆடத் தொடங்கினார்கள். விழுந்தவன் எழுந்து நிற்க அங்கே ஒரு கீழ்ப் படி இருந்தது. ஊர் லீக்குகள் உயிரோடு இருந்தால்தான் அது முடியும்.

இப்போ நிலைமை மாறியிருக்கா?

கொஞ்சம் மாறியிருக்கு. 2020-21, 2021-22 என தொடர்ந்து 2 முறை ஐ-லீக்கை வென்ற கோகுலம் கேரளாவுக்கும் ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. ஆனால் 2022-23 சீசனில் இருந்து ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி வந்தது. அப்படி முதலில் ஏறியது பஞ்சாப் அணி, அடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங்.

அதாவது, சென்னை சிட்டி அதே வெற்றியை 4 வருஷம் கழித்துப் பெற்றிருந்தால் இன்று கதையே வேறு.

ஆனால் பெரிய லீக்கில் இருப்பதே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தப் பிரச்சினையால் 2025-26 ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது சம்பளம், பயிற்சி என எல்லாமே கேள்விக்குறி ஆனது வீரர்களுக்குத்தான்.

தாமிரபரணிக் கரையில் இருந்து பார்த்தால் இதில் என்ன இருக்கு?

தென் மாவட்டம் என்றால் விளையாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கோவில்பட்டி ஹாக்கி. அங்கே ஊரே விளையாட்டைத் தூக்கி நிறுத்தியதால் தலைமுறை தலைமுறையாக வீரர்கள் வந்தார்கள். கால்பந்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் அப்படி. அங்கிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஆடியது எந்த அணிக்கு? இதே சென்னை சிட்டிக்கு. அங்கே கவனம் பெற்று ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்.

சென்னை சிட்டி மாதிரி ஒரு நடுத்தர கிளப்பின் அருமை இதுதான். கடலோர கிராமத்துப் பையனுக்கும் கொல்கத்தா, கோவா ஸ்டேடியத்துக்கும் நடுவில் இருந்த படி அது. அந்தப் படி உடைந்தால், திறமை இருக்கும் பையன் பள்ளி அணி, கல்லூரி அணி, மாவட்ட லீக் வரை வந்து அங்கேயே நின்றுவிடுவான்.

உங்கள் வீட்டில் கால்பந்து ஆடும் பிள்ளை இருந்தால் கவனிக்க வேண்டியவை:

- தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்புகளைப் பாருங்கள். படிப்போடு பயிற்சியும் கிடைக்கும்.
- முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கால்பந்தும் உண்டு. மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநில அளவு.
- மாநில அணிக்குத் தேர்வானால் சந்தோஷ் டிராபி. கிளப்புகள் வீரர்களைத் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று.
- ஒரு கிளப்போடு ஒப்பந்தம் போடும்போது எத்தனை வருஷம், சம்பளம் எப்போது, காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாம்பியன் கிளப்பே 3 வருஷத்தில் மறைந்த கதையை இப்போதுதானே படித்தீர்கள்!

சுருக்கமா சொன்னால்

- ஐ-லீக் 2018-19: சென்னை சிட்டி 43 புள்ளியோடு சாம்பியன், ஒரு புள்ளி வித்தியாசம்.
- ஐ.எஸ்.எல். 2018-19: சென்னையின் 9 புள்ளியோடு கடைசி இடம்.
- சூப்பர் கோப்பை 2019: சென்னை சிட்டி அரையிறுதி, சென்னையின் இறுதிப் போட்டி.
- ஆசியா: சென்னையின் 2019ல் குழுவில் இரண்டாமிடம். சென்னை சிட்டி 2020ல் அல் ரிஃபாவிடம் 0-1 தோல்வி, ஏ.எஃப்.சி. கோப்பையில் ஒரே மேட்ச்.
- இன்று: முதலிடம் பிடித்த சென்னை சிட்டி தேசிய லீக்கில் இல்லை.

43 புள்ளி, 21 கோல், ஐ.எஸ்.எல். சாம்பியனைச் சாய்த்த ஒரு மாலை. மைதானத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் அந்த அணி செய்து முடித்தது. மைதானத்துக்கு வெளியே ஏணி போட வேண்டியவர்கள்தான் 4 வருஷம் தாமதமாக வந்தார்கள்.